பூ கட்டி நிறுத்திய பால்

“நான் ஊட்டினது நெய்தானே? அது எப்படி என் பொண்ணு வயித்துல நெருப்பாச்சி?”

போன சித்திரையில், மகள் மோனிகா திருப்பதி ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தபோது, மாடுகளைப் பார்க்க இரண்டு நாள் ஊருக்கு, ஆந்திரத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய காலனிக்கு, வந்த செல்லியம்மா இந்தக் கேள்வியோடுதான் அலைந்தாள். பால் சென்டரில் கேட்டாள். ரேஷன் கடை வரிசையில் கேட்டாள். வரதய்யபாளையம் பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டாள். இன்டர், அதாவது பிளஸ் டூ, முடித்த பிள்ளை, தெரிந்திருக்கும் என்று, இதை எழுதுகிறவளிடமும் கேட்டாள். இரண்டு வருஷம் உயிரியல் படித்தவள்தான். பரீட்சைக்குக் கணையத்தின் படம் வரைந்து பாகங்கள் குறித்ததும், அதற்கு முழு மார்க் வாங்கியதும்தான் ஞாபகம் வந்தன.

பதில் பிறகு வந்தது, துண்டு துண்டாக. அதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் செல்லியம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

செல்லியம்மாவுக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். இருபத்து நான்கு வருஷத்துக்கு முன் மோனிகா பிறந்தாள். பிறந்த பன்னிரண்டாம் நாளே செல்லியம்மா நடவுக்குப் போனாள். முழங்கால் சேற்றில் குனிந்து நிற்க, பால் கட்டி, ரவிக்கை நனைந்து, அது சேற்றுத் தண்ணீரில் சொட்டியது. வரப்பில் துணி விரித்துப் படுக்கவைத்திருந்த குழந்தை அழுதபோது நிலக்காரர் கரையேற விடவில்லை. நட்டுக்கொண்டிருந்த பாத்தியை முடித்துத்தான் ஏற வேண்டும்.

அதே வாரம் நிலக்காரர் மகளும் பிள்ளை பெற்றுத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் அந்த வீட்டுப் பாத்திரம் தேய்ப்பதும் செல்லியம்மாவின் வேலை. அந்தப் பெண் சாப்பிட்ட தட்டு தனியாக வரும். சாம்பல் போட்டுத் தேய்த்தால் வழுக்கும். இன்னொரு பிடி சாம்பல் போட்டாலும் வழுக்கும். அவ்வளவு நெய். தன் வயிற்றில் காலையில் குடித்த கூழ் மட்டும் இருக்க, அந்தத் தட்டைத் தேய்த்துக்கொண்டே செல்லியம்மா ஒரு முடிவுக்கு வந்தாள். என் பொண்ணு பிள்ளை பெற்றால் மூன்று மாதம் அவள் கால் தரையில் படாது. அவள் தட்டு இப்படித்தான் வழுக்கும்.

கணவன் கிருஷ்ணப்பா லாரிக்கு மணல் ஏற்றப் போவான். சாதுவான ஆள். மோனிகாவுக்கு ஒன்பது வயதானபோது, ஒரு கோயில் விருந்தில் சாப்பிட்டு வந்தவன், மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். வலி முதுகு வரை குத்தியது. மூன்றாம் நாள் இறந்துபோனான். முப்பத்தாறு வயது.

“சாராயம்தான். குடல் வெந்துபோச்சி,” என்றது ஊர்.

“நான் தொட்டதே இல்ல செல்லி. கொழந்த மேல சத்தியம்,” என்று அவன் வலிக்கு நடுவில் சொன்னான்.

“சாவற நேரத்துலயாவது பொய் சொல்லாதய்யா,” என்றாள் செல்லியம்மா. அவனிடம் அவள் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு காலம் கொஞ்சம் இறங்கிவந்தது. அரசாங்கம் ஒன்றரை ஏக்கருக்குப் பட்டா கொடுத்தது. கறவை மாடு ஒன்று வாங்கினாள், அது இரண்டாயிற்று. மோனிகா இன்டர் முடித்து, போன் உதிரிப்பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ். காலனியிலிருந்து ஒரு மைல் நடந்தால்தான் பஸ் நிற்கும் இடம். அங்கே எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. திரும்பி வந்து மாட்டுக்குப் புல் அறுப்பாள். ஒரு நாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவள் சம்பளத்தில்தான் ஓலை வீடு தளம் போட்ட வீடாயிற்று. அதே கம்பெனியில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டிய சந்துருவைப் பிடித்துப்போய், இரண்டு வீடும் பேசி, கல்யாணம் நடந்தது. சந்துரு சத்தியவேடு பக்கம்.

போன மாசியில் மோனிகாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் தாய் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இருபத்து நான்கு வருஷம் செல்லியம்மா காத்திருந்த நாள் அது.

பால் சென்டருக்குப் பால் ஊற்றுவதை அன்றே நிறுத்தினாள். இரண்டு மாட்டுப் பாலும் வீட்டுக்கே. தயிராக்கி, கடைந்து, வெண்ணெய் எடுத்து, முருங்கைக் கீரை போட்டு நெய் உருக்கினாள். காலையில் சுக்கு, மிளகு, திப்பிலி, வெல்லம் சேர்த்துக் கிளறிய மருந்துருண்டை, அதன் தலையில் ஒரு குழி, அந்தக் குழி நிறைய நெய். பத்து மணிக்கு நெய்யில் வதக்கிய பூண்டோடு குழைந்த சோறு. மத்தியானம் நாட்டுக்கோழிச் சாறும் சோறும். சாயங்காலம் எள்ளும் வெல்லமும் இடித்த உருண்டை. ராத்திரி மறுபடி நெய்ச் சோறு. காயும் கீரையும் குளிர்ச்சி என்று தட்டுக்கே வரவில்லை. வயிற்றைச் சுற்றி இறுக்கமாகத் துணி கட்டி, காதில் பஞ்சடைத்து, மோனிகாவைக் கட்டிலில் கிடத்தினாள். பச்சை உடம்பு. காற்றுப் படக் கூடாது.

“அம்மா, நெய்யி வாயெல்லாம் ஒட்டுது. கொமட்டுது. கொஞ்சம் ரசம் ஊத்தும்மா.”

“துன்னுடி. நான் கூழ் குடிச்சிட்டு நாத்து நட்டேன். ஒனக்கு இன்னா கொறச்சல்?”

“கால் மரத்துப்போவுது. வாசல் வரைக்கும் நடந்துட்டு வரேன்.”

“நடந்து கிழிச்சது போதும். இத்தினி வருஷம் நின்னியே, ஒக்காரு. ஒக்கார்றதுக்குத்தான் அம்மா வூடு.”

ஊட்டும்போது மகள் முகத்தையே பார்த்திருப்பாள். கன்னம் உருண்டு வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா செல்லி, ஒன் பொண்ணு நிலக்காரர் வூட்டுப் பொண்ணு மாதிரி ஆயிட்டா,” என்றார்கள். அந்த ஒரு பேச்சுக்காக அவள் இன்னும் நான்கு மாடு கறந்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த சந்துரு, கட்டிலைப் பார்த்துச் சிரித்தான். “அத்தே, இன்னா இது? நான் உட்டுட்டுப் போனது பொண்டாட்டி. நீங்க திருப்பிக் குடுக்கப்போறது அரிசி மூட்டையா?”

“மூட்டைன்னா தூக்கத் தெரியும் இல்ல ஒனக்கு? அதான வேலை,” என்றாள் செல்லியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மோனிகாவும் சிரித்தாள். சிரித்தபோது மேல் வயிற்றில் சுருக்கென்று ஏதோ பிடித்தது. அதை அவள் அன்று யாரிடமும் சொல்லவில்லை.

காலனிக்கு வரும் நர்ஸ் பிரேமலதா மட்டும் இதை ரசிக்கவில்லை. வாரம் ஒரு முறை ஸ்கூட்டியில் வந்து குழந்தையின் எடையைப் பார்ப்பாள்.

“செல்லியம்மா, பொண்ண கொஞ்சம் நடக்க வுடு. காலையில பத்து நிமிஷம், சாயந்தரம் பத்து நிமிஷம். போகப்போக ஏத்திக்கலாம். நெய் ஒரு ஸ்பூன் போதும். கீரை குடு, கேழ்வரகு குடு.”

“கேழ்வரகா? அத்த துன்னுதான நான் செத்தேன். எம் பொண்ணுக்கும் அதையா குடுக்கச் சொல்ற?”

“செத்தவ மாதிரியா கீற நீ? ரெண்டு மாட்ட இழுத்துக்கினு ஓடுற.”

“நீ வண்டியில வர்றவ, நடக்கிறதப் பத்தி எனக்குச் சொல்ற,” என்று செல்லியம்மா சொல்ல, பிரேமலதாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போகும்போது, மோனிகா மிகவும் சோர்ந்து தெரிகிறாள், ரத்தம் குறைவாக இருக்கலாம் என்று சொல்லி, ஊசியில் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கொண்டாள். “நாளைக்கு ஹெல்த் சென்டர்ல ரிசல்ட் குடுப்பாங்கோ. நீ போய் வாங்கிக்க. நான் தங்கச்சி கல்யாணத்துக்குப் பலமனேர் போறேன், வர ரெண்டு வாரம் ஆவும்,” என்றாள்.

குழந்தை பிறந்து நாற்பத்தோராம் நாள் அது.

மறுநாள் செல்லியம்மா தனியாகப் போனாள். லேபில் இருந்த ஹரிபிரசாத் தெலுங்குக்காரன், சின்ன வயது. அவள் பெயரைக் கேட்டதும் எழுந்து வந்தான். ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

“அம்மா, இதி சூடு, இத்தப் பாரு. கீழ ரக்தம் கீது. மேல எப்படி கீது பாரு.”

குழாயின் அடியில் சிவப்பு. அதற்கு மேல் பாதிக் குழாய் வெள்ளை. மாடு கறந்து வைத்த பால் மாதிரி, கெட்டியான வெள்ளை.

“மாமூலா மேல தண்ணி மாதிரி மஞ்சளா வரும். இதெல்லாம் கொவ்வு. கொழுப்பு. இங்க இந்த டெஸ்ட் லேது. திருப்பதி போ. நாளைக்கே போ. வெறும் வயித்துல மறுபடி ரத்தம் எடுப்பாங்க,” என்று சொல்லி, ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டுக் கொடுத்தான்.

அவன் சொன்னது செல்லியம்மாவின் காதில் விழுந்தது. ஆனால் கண் பார்த்தது வேறு. வாழ்நாள் முழுக்கப் பால் பார்த்த கண். இது பால். பிள்ளை பெற்றவளின் உடம்பில் பால் வேறு எங்கிருந்து வரும்? சின்னக் குழந்தை, முழுக்கக் குடிக்கவில்லை. மிச்சப் பால் வெளியே போக வழியில்லாமல் ரத்தத்தில் ஏறிவிட்டது. அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள். பால் தலைக்கேறிப் பைத்தியம் பிடித்தவள், பால் கட்டிக் காய்ச்சலில் போனவள் என்று அவர்கள் கேட்ட கதைகள் நிறைய.

கொழுப்பாம். சோறு கண்டு ஒரு தலைமுறை ஆகாத வீட்டில் கொழுப்பா என்று வழியெல்லாம் நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். பச்சை உடம்புக்காரியை எழுபது கிலோமீட்டர் பஸ்ஸில் காற்றுப்பட அழைத்துப்போவதா? சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். மகளிடம் காட்டவில்லை. காட்டியிருந்தால் மோனிகா படித்திருப்பாள். பிள்ளை பெற்றவளைப் பயமுறுத்தக் கூடாது என்று மறைத்தாள்.

ஏறிய பாலை இறக்க அவளுக்கு ஒரே வழிதான் தெரியும். குழந்தை இறந்து பிறந்த வீடுகளில் தாயின் பாலை வற்றவைக்கச் செய்வது அது. மல்லிகைப் பூவை நெருக்கமாகத் தொடுத்து மார்பில் வைத்துக் கட்டுவார்கள். இரண்டு மூன்று நாளில் பால் குறையும். அன்று சாயங்காலமே நான்கு முழம் பூ வாங்கினாள்.

“எதுக்கும்மா பூவு? கொழந்த குடிக்கிது இல்ல?”

“ஒனக்குப் பால் அதிகமாயிட்சி. ஒடம்புல ஏறுது. கொஞ்ச நாளைக்கு நிறுத்தலாம். அப்புறம் தானா வரும்.”

“டப்பா பால் வேணாம்மா. நர்ஸம்மா திட்டும்.”

“நர்ஸம்மா எத்தினி புள்ள பெத்தா?”

மோனிகா அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழகாதவள். பூவைக் கட்டிக்கொண்டாள். அந்த வீட்டில் மூன்று நாள் கல்யாண வீட்டு வாசனை. உள்ளே குழந்தை மார்பைத் தேடித் தேடி அழுதது. மோனிகா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். பால் குறைந்தது. பலவீனம் போக வேண்டும் என்று மருந்துருண்டையின் குழியை செல்லியம்மா இன்னும் கொஞ்சம் ஆழமாக்கினாள்.

ஐம்பத்து மூன்றாம் நாள். மத்தியானம் கோழிச்சாறு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் மோனிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து கீழே சரிந்தாள். மேல் வயிறு. வலி முதுகுக்குப் போனது. வாந்தி நிற்கவில்லை. முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தவளைப் பார்த்தபோது செல்லியம்மா ஓலமிட்டாள். இந்த வலியை அவள் ஓலை வீடாக இருந்த இதே இடத்தில், இதே மாதிரிச் சுருண்ட ஓர் உடம்பில் முன்பே பார்த்திருக்கிறாள்.

ஓலம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். காளஹஸ்தி வழியாக ஆம்புலன்ஸ் திருப்பதி போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். பெரிய ஆஸ்பத்திரி. கதவுக்கு உள்ளே மோனிகா, வெளியே செல்லியம்மா. டப்பா பாலும் கையுமாகக் குழந்தையோடு சந்துருவின் அம்மா கலைவாணியும், சந்துருவும் பின்னால் வந்து சேர்ந்தார்கள்.

ஒரு லேடி டாக்டர் வந்தாள். சித்தூர்க்காரி, தமிழ் தெரியும். கணையம் வீங்கி வெந்திருக்கிறது என்றாள். ரத்தத்தில் ஒரு வகைக் கொழுப்பு நூற்றைம்பதுக்குள் இருக்க வேண்டும், இவளுக்கு நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது என்றாள். பிழைப்பாளா என்று சந்துரு கேட்டதற்கு, மூன்று நாள் போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்றாள். பிறகு செல்லியம்மாவை உட்காரவைத்து, குழந்தை பிறந்ததிலிருந்து என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டாள்.

செல்லியம்மா சொன்னாள். அந்த நேரத்திலும் அவள் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒன்று விடாமல் சொன்னாள்.

“நடந்தாங்களா?”

“தரையில கால் வைக்க வுடல டாக்டரம்மா.”

“தாய்ப்பால் குடுத்துக்கிட்டு இருந்தாங்களா?”

“ரத்தத்துல பால் ஏறிட்சி. பூ கட்டி நிறுத்திட்டேன்.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டரின் பேனா நின்றது. “ரத்தத்துல பால்னு யார் சொன்னது?”

அப்போதுதான் சீட்டின் கதை வெளியே வந்தது. சந்துரு மாமியாரையே பார்த்தான். கலைவாணி குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, “பதினோரு நாளா? பதினோரு நாளா அந்தச் சீட்டு வூட்டுல இருந்திச்சி?” என்று கேட்டாள்.

மூன்று நாள் மோனிகாவுக்கு வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எல்லாம் ஊசி வழிதான். அதற்குப் பிறகும் மூச்சு இழுத்தது, நெஞ்சில் நீர் கட்டியது, இரண்டு முறை கையெழுத்துக் கேட்டார்கள். மாடுகளுக்காக ஊருக்குப் போய் வந்ததும், தெருவெல்லாம் கேள்வி கேட்டு அலைந்ததும் இந்த நாட்களில்தான். பத்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பதினான்காம் நாள் இரண்டு ஸ்பூன் கஞ்சித் தண்ணீர் குடித்தாள். பிழைத்துவிட்டாள் என்று அன்றைக்குத்தான் டாக்டர் சொன்னாள். அன்றைக்குத்தான் செல்லியம்மாவுக்குப் புரியும்படி உட்கார்ந்து விளக்கவும் செய்தாள்.

“கர்ப்பமா இருக்கும்போது எல்லாப் பொம்பளைங்களுக்கும் ரத்தத்துல கொழுப்பு ஏறும்மா. கொலஸ்ட்ரால்னு சொல்றாங்களே, அதுவும் ஏறும், இன்னொரு வகையும் ஏறும். குழந்தை வளரணும்னு உடம்பே அப்படி ஏத்திக்கும். அது நோய் இல்ல. பெத்த அப்புறம் சில வாரத்துல, சில மாசத்துல தானா இறங்கும். நடந்தா, வேலை செஞ்சா நல்லா இறங்கும். பால் குடுத்தா அதுவும் ஒத்தாசை, தாயோட கொழுப்புதான பாலுக்கும் போகுது. நெய்யும் வெல்லமும் சோறும் அளவா இருந்து, காய் கீரை, கேழ்வரகு, பருப்பு, மீன்னு சாப்பிட்டா இறங்கும். ஆயிரத்துல சிலருக்கு மட்டும், பரம்பரையா, அந்தக் கொழுப்பைக் கரைக்கிற சக்தி கம்மி. உங்க பொண்ணு அப்படி. அவங்களுக்கு நெய்யையும் வெல்லத்தையும் மேல மேல ஊத்தி, நடையையும் நிறுத்தி, பாலையும் நிறுத்திட்டீங்க. உள்ள போறது போய்க்கிட்டே இருந்தது. வெளிய போக வழியில்ல.”

“நான் நல்லதுன்னுதானே…”

“தெரியும்மா. கம்பெனிக்கு நடந்துகிட்டும் நின்னுகிட்டும் இருந்த வரைக்கும் அந்தக் கோளாறு அடங்கியே இருந்திருக்கு. நீங்க நாத்து நட்டீங்களே, அது கொடுமைதான். பன்னெண்டாம் நாள் யாரையும் வேலைக்கு அனுப்பக் கூடாது. பிள்ளை பெத்தவளுக்கு ஓய்வும் வேணும், நிறைய சாப்பாடும் வேணும். பட்டினி போடச் சொல்லல. ஆனா ஓய்வுன்னா மூணு மாசம் கட்டில் இல்ல.”

பிறகு டாக்டர் கேட்டாள். “உங்க குடும்பத்துல, அவங்க நைனா குடும்பத்துல, யாராவது இந்த மாதிரி வயித்து வலியில…”

முழுக்கக் கேட்பதற்குள் செல்லியம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிருஷ்ணப்பாவைப் பற்றிச் சொன்னாள். வலி எங்கே என்று டாக்டர் கேட்டாள், மேல் வயிறு என்றாள். முதுகுக்குப் போச்சா? போச்சு. குடிப்பாரா? “ஊரு சொன்னாங்கோ. அவுரு இல்லன்னாரு.”

“இப்ப உறுதியா எதுவும் சொல்ல முடியாதும்மா. ஆனா குடிக்காமலும் வரும். அதைத்தான் உங்க பொண்ணுகிட்ட பாக்கறீங்களே.”

அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி வளாகத்து வேப்பமரத்தடியில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளுக்காக அழுகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன் செத்துப்போன ஒருவனிடம், “பொய் சொல்லாதய்யா” என்ற வார்த்தையைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாமல் அழுதாள்.

பத்தொன்பதாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நெய், வெண்ணெய், பொரித்தது, இனிப்பு வாழ்நாளுக்கும் கிட்டத்தட்ட இல்லை. எண்ணெய் நாளுக்கு இத்தனை ஸ்பூன் என்று கணக்கு. சோறு பாதி, காய் பாதி. முதலில் ஐந்து நிமிஷ நடை, உடம்பு தேறியதும் தினமும் அரை மணி நேரம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. அடுத்த பிள்ளை வேண்டுமென்றால் முன்கூட்டியே டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தைக்கும் பெரியவளாகும்போது பரிசோதனை செய்ய வேண்டும். பால் திரும்ப வரவில்லை. இரண்டு நாள் முயன்று பார்த்தார்கள், குழந்தை மார்பை மறந்துவிட்டிருந்தது.

ஆட்டோவைக் கூப்பிட்டபோது செல்லியம்மா மகளின் பையைத் தூக்கினாள். கலைவாணி அதைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வேணாம் சம்பந்தியம்மா. நேரா எங்க வூட்டுக்கே இட்டுக்கினு போறோம். ஒங்க வூட்டுச் சாப்பாடு போதும்.”

செல்லியம்மா மோனிகாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, “அம்மா வூட்டுக்கே போறேன்” என்றுகூட வேண்டாம், “அம்மாவத் திட்டாதீங்க” என்றாவது மகள் சொல்வாள் என்று பார்த்தாள். பத்து கிலோ குறைந்து, கண் உள்ளே போயிருந்த மோனிகா குழந்தையின் குல்லாவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. செல்லியம்மா பிரேமலதாவிடம் கேட்டுக் கேட்டுச் சமைக்கக் கற்றுக்கொண்டாள். தாளிக்காத கீரை, வேகவைத்த காய், எண்ணெய் அளந்து ஊற்றிய மீன் குழம்பு. ஒரு காலையில் கேழ்வரகுக் களியும் கீரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சந்துரு வீட்டுக்குப் போனாள். மோனிகா நடந்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. போன வாரம் எடுத்த பரிசோதனையில் கொழுப்பு முன்னூற்றுச் சொச்சத்துக்கு இறங்கியிருக்கிறது என்று சொன்னாள். தினமும் நாற்பது நிமிஷம் நடக்கிறாளாம்.

“துன்னு கண்ணு. ஒரு சொட்டு நெய் இல்ல. நர்ஸம்மா சொன்னபடி செஞ்சேன். நீயே மோந்து பாரு.”

மோனிகா டப்பாவைக் கையில் வாங்கினாள். திறந்தாள். நல்ல கீரை, சூடு ஆறாத களி. ஒரு வாய் எடுக்கப் போனவள், அப்படியே வைத்துவிட்டாள். டப்பாவை மூடினாள்.

“கோவமாடி?”

“கோவம் இல்லம்மா. சத்தியமா இல்ல. நீ எனக்கு ஊட்டினது நெனப்புக்கு வருது. நான் வேணாம் வேணாம்னு சொன்னது நெனப்புக்கு வருது. ஒன் கையால வாங்கினா பயமா கீதும்மா. நீ வா. வந்து கொழந்தயப் பாரு. சோறு மட்டும் எடுத்தாராத.”

சோறு எடுத்துவராமல் மகளைப் பார்க்கப் போவது எப்படி என்று செல்லியம்மாவுக்குத் தெரியாது. இருந்தாலும் போகிறாள். மாதம் இரண்டு முறை, வெறும் கையோடு. குழந்தை ஹரிதாவைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்துவிட்டு, அவர்கள் தரும் காப்பியைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறாள். கலைவாணி இப்போதெல்லாம் திட்டுவதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது என்கிறாள் செல்லியம்மா.

போன மாதம் அங்கன்வாடியில் கர்ப்பிணிப் பெண்களுக்குக் கூட்டம். பிரேமலதா செல்லியம்மாவை எழுந்து பேசச் சொன்னாள். எழுந்தாள். ஏழெட்டுப் பெண்கள், ஒவ்வொருத்தி பக்கத்திலும் அவளுடைய அம்மா. “நாங்கூட என் பொண்ண…” என்று ஆரம்பித்தவள், அந்த அம்மாக்களின் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வந்து, இதை எழுதுகிறவளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “என்னால சொல்ல முடியல. நீ எழுதும்மா. என் பேரு போட்டே எழுது. பால் மாதிரி ரத்தம் வந்தா பூ கட்டாதீங்கோ, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கோன்னு எழுது.”

எழுதியாயிற்று. இனி இது உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் தெருவில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி கட்டிலில் இருந்தால், அவளுக்கு மட்டும் இல்லை, அவளுக்கு ஊட்டுகிறவளுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள், தெலுங்கில் சொன்னாலும் சரி. அவர்கள் அதை இன்னொரு வீட்டுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.